ஏழாம் கேள்வி

மாதக் கடைசி வெள்ளி, மழை.
சிலோயேயில் மழையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

நாலு குட்டித் தீவு, நாலு பள்ளி,
பள்ளிக்கு ஓர் ஆசிரியர்.
ஒன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே அறையில்.
மாதம் ஒருமுறை இங்கே கூடும்போதுதான்
நமக்கும் சக ஆசிரியர்கள் உண்டென்று நினைவு வரும்.

விறகடுப்பைச் சுற்றி நாற்காலிகள்.
நொல்பெர்தோவின் காலுறைகள் கம்பியில் காய்கின்றன.
மேசை கொள்ளாமல் யாஸ்னா விரித்த பழுப்புத் தாள்:
பக்கவாட்டில் பிள்ளைகள், மேலே கேள்விகள்,
சரிக்குப் பச்சைப் புள்ளி, தவறுக்குச் சிவப்பு.

மார்ச் மாதம் யாரும் எதையும் விரிக்கவில்லை.
என் பட்டியலை நான்காக மடித்து
மடியிலேயே வைத்திருந்தேன், கடன் சீட்டு மாதிரி.
மாகாண அலுவலகத்துக்கு எண்களை அனுப்பினால்
எண்கள் திரும்பி வருவதில்லை, ஏச்சு வரும்.
அந்தப் பழக்கம்.

இன்று நாலு பள்ளியும் ஒரே தாளில்.
ஏழாம் கேள்வி மேலிருந்து கீழே
சிவப்பாக இறங்குகிறது,
கூரை ஒழுகிய சுவர் போல.

நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று: எது பெரியது?
எட்டு பெரியது, அதனால் எட்டில் ஒன்று பெரியது.
என் பதினொரு பேரில் ஒன்பது பேர் அப்படி.
கவனக்குறைவு என்றேன்.
"மூணு தீவிலும் ஒரே கவனக்குறைவா?"
என்றாள் யாஸ்னா.

எதுவினாவின் பிள்ளைகள் மட்டும்
ஒன்பது பேரும் பச்சை.
மறைப்பானேன், பொறாமைப்பட்டேன்.
பிறகு சந்தேகம். விடையைக் கரும்பலகையில் எழுதியிருப்பாளோ?

எதுவினா மாத்தே குவளையைக் கீழே வைத்தாள்.
"என்னுடையதைக் கழித்துவிடுங்கள்.
அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது,
வட்டப் படங்கள் விழவே இல்லை.
வாயால்தான் கேட்டேன்.
ஒரு மரக்கால் உருளைக்கிழங்கை
நாலு வீடு பங்கு போட்டால், எட்டு வீடு பங்கு போட்டால்,
எந்த வீட்டுச் சட்டி அதிகம் நிறையும்?
இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரித்தார்கள்.
நான் தேர்வை மாற்றியது தப்புதான்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
மூன்று மாதமாக நாங்கள் தேடியது
ஒரு மன்னிப்புக்குள் கிடந்தது.

அவள் எண்களைக் கழிக்கவில்லை.
சுற்றிக் கோடிட்டு எழுதினோம்:
மை தீர்ந்த நாள்.

அடுத்த மாதம் எல்லோரும்
முதலில் கிழங்கு, பிறகு வட்டம், கடைசியில் வெறும் எண்.
என் பதினொன்றில் எட்டு பச்சை.
யாஸ்னாவுக்கு ஏழில் ஐந்து.
எதுவினா மை வாங்கி, அச்சிட்ட தாளோடு கேட்டாள்:
ஒன்பதில் நாலு.
சட்டியிலிருந்து தாளுக்கு
இவ்வளவு தூரமா என்றாள்.

நொல்பெர்தோவுக்கு ஆறில் ஒன்று. போன மாதமும் ஒன்று.
"நீங்கள் சொன்னபடியேதான் நடத்தினேன்."
"என்றைக்கு?"
"திங்கள்."
யாஸ்னா வருகைப் பதிவேட்டைக் கேட்டாள்.
அந்தத் திங்களில் அவன் எதிரே இருந்தது
ஒரே ஒரு பிள்ளை.
மற்ற ஐவரும் எதிர்க்கரைக்காரர்கள்.
வடகாற்று அடித்தால் படகு கிளம்பாது.

மாகாணப் படிவத்தில் காற்றுக்குக் கட்டம் இல்லை.
பென்சிலால் ஒன்று போட்டோம்.

என் பக்கத்தில் மூன்று சிவப்பு மிச்சம்.
இரண்டுக்குக் காரணம் தெரியும்.
மூன்றாவது, ரயேன்.
ஒரு நாளும் தவறாமல் வந்தவள்,
கிழங்கைக் கச்சிதமாகப் பங்கு போட்டவள்.
தாளைக் கண்டால் மட்டும் எட்டு என்கிறாள்.
ஞாபகம், பார்வை, பயம் என்று
ஆளுக்கொரு காரணம் அடுக்கினோம்.

"ஏன் எட்டு என்று அவளையே கேட்டாயா?"
என்றாள் எதுவினா.

இத்தனை புள்ளி வைத்திருக்கிறேன்.
அதைக் கேட்கவில்லை.

நாலு மணிப் படகு ஊதியது.
அவள் தாளைச் சுருட்டினாள்,
நான் கயிறு கட்டினேன்.